உப்புக் கை

சாப்பாட்டு மேசையில் இருக்கும் தூளுப்பில் ஒரே ஒரு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 0.3 மில்லிமீட்டர் இருக்கும் ஒரு குட்டிக் கனசதுரம். அதிலுள்ள சோடியம் முழுவதையும் சமமாகப் பரப்ப முடிந்தால் சுமார் 60 சதுர மீட்டர் சிலிக்கானைக் கெடுத்துவிடலாம். நம் ஊர்க் கணக்கில் ஒரு வீவக மூவறை வீட்டின் மொத்தத் தரை. 1970களின் தொடக்கத்தில் செய்த டிரான்சிஸ்டர்களின் அளவுகளை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே போட்டுப் பார்த்த கணக்கு இது. இரண்டு முறை போட்டேன். விடை மாறவில்லை.

தீவின் வடக்கே ஒரு சில்லு ஆலையில் வேலை செய்கிறேன். நன்யாங்கில் மின், மின்னணுப் பொறியியல் படித்து, அங்கிருந்து நேராக இங்கே வந்தவள். வீட்டு விசேஷங்களில் "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால் அம்மா "சிப் செய்றா" என்பார். கேட்டவர் கையில் உருளைக்கிழங்கு சிப்ஸ் தட்டு இருந்தால் அங்கே ஒரு சிரிப்பு எழும். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. கேட்டவர் ஒரே ஒருவர், அப்பாவின் அக்கா, என் பெரிய அத்தை. அவருக்குப் பதில் சொல்லப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்ல வேண்டியிருந்தது என்-வகைப் புலவிளைவு டிரான்சிஸ்டரைப் பற்றி. பெயரைத் தமிழில் சொன்னாலே மூச்சு வாங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'குறைகடத்தி', நம் ஊர்ச் செய்திகளில் 'பகுதி மின்கடத்தி'. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சிலிக்கானிடம் குறை ஒன்றும் கிடையாது. எப்போது கடத்த வேண்டும் என்று நாம் சொல்லும்வரை அது காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

டிரான்சிஸ்டருக்கு மூன்று முனைகள். மூலம், வாயில், வடிகால் என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டேன். "வடிகாலா?" என்றார் அத்தை. "லோங்காங்" என்றதும் புரிந்துவிட்டது. இரண்டு குட்டைகள், நடுவே ஒரு மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டைகளில் தண்ணீருக்குப் பதில் எலக்ட்ரான்கள். பாஸ்பரஸ் அல்லது ஆர்செனிக் கலந்து அவற்றை உண்டாக்குகிறோம். பாஸ்பரஸுக்கு ஐந்து கைகள். சுற்றியுள்ள சிலிக்கான்களை நான்கு கைகளால் பிடித்துக்கொண்டால் ஐந்தாவது எலக்ட்ரான் சும்மா அலைகிறது. அதுதான் என்-வகை. நடுமேடு பி-வகை, போரான் கலந்தது, ஒரு கை குறைவு. மேட்டின்மேல் மெல்லிய கண்ணாடிப் படலம், அதன்மேல் வாயில். வாயிலுக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்தால் மின்சாரம் கண்ணாடியைத் தாண்டாது, ஆனால் இழுப்பு தாண்டும். எலக்ட்ரான்கள் கண்ணாடிக்குக் கீழே வந்து ஒட்டிக்கொண்டு, மேட்டின் தோலில் ஒரு கால்வாய் உண்டாகும். இந்தப் பக்கக் குட்டையிலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓட்டம் தொடங்கும். அழுத்தத்தை எடுத்தால் கால்வாய் மறைந்துவிடும். மழை நின்ற பிறகு ரோச்சோர் கால்வாயைப் பார்த்திருப்பீர்களே, அதைவிட வேகமாக. கால்வாய் உண்டாகத் தேவையான குறைந்தபட்ச அழுத்தத்தை நான் 'வாசற்படி' என்று சொல்லிக்கொள்வேன். எல்லாம் அந்தப் படியின் உயரத்தில்தான் இருக்கிறது.

ஒட்டுமொத்தத்தையும் திருப்பிப் போட்டால் பி-வழி டிரான்சிஸ்டர் கிடைக்கும். அதில் ஓடுபவை 'துளைகள்', அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள். சனிக்கிழமை மதியம் தேக்கா உணவங்காடியில் ஒரு நாற்காலி காலியானால் பக்கத்தில் இருப்பவர் அதற்கு நகர்வார், அவர் இடத்துக்கு அடுத்தவர். ஆள்கள் ஒரு பக்கம் நகர, காலி நாற்காலி எதிர்ப்பக்கம் நகர்வதுபோலத் தெரியும். அதுதான் துளை. எலக்ட்ரானோ மேசைகளுக்கு நடுவே தட்டை ஏந்திக்கொண்டு நேராக நடந்துபோகிறவர். யார் வேகம் என்று சொல்லத் தேவையில்லை. சிலிக்கானில் எலக்ட்ரான் துளையைவிட இரண்டு மூன்று மடங்கு சுலபமாக நகரும்.

அப்படியானால் எல்லோரும் முதலிலிருந்தே என்-வழியில்தானே செய்திருக்க வேண்டும்? செய்யவில்லை. புலவிளைவு டிரான்சிஸ்டருக்கான யோசனையை லிலியன்ஃபெல்ட் 1920களிலேயே காப்புரிமையாகப் பதிந்துவிட்டார். பெல் ஆய்வுக்கூடத்தில் எகிப்தியரான முகமது அட்டாலாவும் கொரியரான டாவோன் காங்கும் 1959இல்தான் இன்றைய வடிவத்தில் வேலை செய்யும் ஒன்றைச் செய்தார்கள். 1971இல் வந்த இன்டெல் 4004, சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட முதல் நுண்செயலி, முழுக்கப் பி-வழி. மெதுவானது என்று தெரிந்தே செய்தார்கள். என்-வழிச் செயலியான 8080 வர 1974 ஆனது.

தடுத்தது பெரும்பாலும் உப்பு.

சோடியம் அயனி நேர்மின்னேற்றம் கொண்டது. சிலிக்கானின் மேலுள்ள கண்ணாடிக்குள் புகுந்துவிட்டால் சும்மா கிடக்காது. சூடும் அழுத்தமும் கிடைத்தால் மெல்ல ஊரும். என்-வழியில் வாயில் நேர்மின்னழுத்தத்தில் இருப்பதால் அது சோடியத்தைக் கீழே தள்ளிவிடும். கீழே போன சோடியம் கால்வாய்க்கு நேர் மேலே உட்கார்ந்துகொண்டு, வாயில் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்யும், எலக்ட்ரான்களைக் கூப்பிடும். யாரும் திறக்காமலே கதவு திறந்து கிடக்கும். பி-வழியில் வாயில் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். சோடியம் மேலேயே, வாயிலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், பெரிய தொந்தரவு கிடையாது. ஒரே அழுக்குதான். ஒன்றைக் கொல்கிறது, மற்றதைத் தொடுவதில்லை.

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு லட்சம் கோடி சோடியம் அயனிகள் கால்வாய்ப் பக்கம் சேர்ந்தால், அன்றைய 100 நானோமீட்டர் கண்ணாடிக்கு வாசற்படி நான்கரை வோல்ட் இறங்கிவிடும். லட்சம் கோடி என்றால் பெரிதாகத் தெரியும். சிலிக்கான் பரப்பில் எழுநூறு அணுக்களுக்கு ஒன்று என்ற விகிதம்தான் அது. தொடக்கத்தில் சொன்ன மூவறை வீட்டுக் கணக்கு இதிலிருந்து வந்தது.

1960களின் நடுவில் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஸ்னோ, குரோவ், டீல், சா என்ற நால்வர் இந்தச் சோடியத்தைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அவர்களில் குரோவ் பின்னால் இன்டெல்லின் தலைவரானவர். சோடியம் உலைக்குழாயிலிருந்து வந்தது, ரசாயனங்களிலிருந்து வந்தது, உலோகத்தை ஆவியாக்கும் இழையிலிருந்தும் வந்தது. மனிதனிடமிருந்தும் வந்தது. வியர்வையில், விரல் ரேகையில், பேசும்போது தெறிக்கும் எச்சிலில். அதன்பிறகு பாஸ்பரஸ் கலந்த கண்ணாடியால் சோடியத்தைச் சிறைபிடித்தார்கள்; உலைக்குள் ஹைட்ரஜன் குளோரைடு விட்டுக் கழுவினார்கள்; மனிதர்களை மூடினார்கள்.

மூடிய நிலையில்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண் மட்டும் தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் முயலின் பெயர். தமிழ் எழுத்தில் எழுதினால் 'பன்னி சூட்' ஆகிவிடுகிறது, முதல்முறை கேட்டபோது அத்தை "பன்னியா?" என்று சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. உள்ளே போகுமுன் பொட்டைத் துடைப்பேன், மையைத் துடைப்பேன். பொங்கலன்று காலையில் வீட்டில் பூசிய விபூதியை ஆலைக் கழிவறையில் ஈரத்தாளால் எடுத்திருக்கிறேன். சாம்பலில் கால்சியமும் பொட்டாசியமும் இருக்கின்றன, பொட்டாசியம் சோடியத்துக்குத் தம்பி முறை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. நெற்றி காலியாக இருப்பதைப் பார்த்துப் பெரிய தத்துவம் பேச நான் தயாரில்லை. இயற்பியல் யாருடைய சாமியையும் எதிர்க்கவில்லை.

அத்தை கேட்டார், "எங்களையும் பவுடர் போடக்கூடாது, பூ வைக்கக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. ஆனா ஏன்னு சொல்லல."

இங்கே கொஞ்சம் சிங்கப்பூர் வரலாறு வேண்டியிருக்கிறது. 1968இல் நேஷனல் செமிகண்டக்டர் இங்கே வந்தது. 1969இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், ஃபேர்சைல்டு. இத்தாலிய எஸ்ஜிஎஸ் தோ பாயோவுக்கு வந்தது. இவை எல்லாம் தொடக்கத்தில் இங்கே செய்தது சில்லு கிடையாது. சிலிக்கான் தகடுகள் வெளிநாட்டில் தயாராகி விமானத்தில் வந்தன. இங்கே அவற்றை அறுத்து, ஒட்டி, கம்பி கட்டி, மூடி, சோதித்துத் திருப்பி அனுப்பினார்கள். தகட்டையே செய்யும் முதல் ஆலை 1984இல் அங் மோ கியோவில், அதே எஸ்ஜிஎஸ்ஸிடம்தான் வந்தது. அரசாங்கத்தின் சார்ட்டர்ட் செமிகண்டக்டர் 1987இல். ஆக, முதல் பதினைந்து ஆண்டுகள் வேலை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கையைக் கண்டு பயந்த அறைகள் அங்கே இருந்தன. கைக்காகவே வந்த ஆலைகள் இங்கே இருந்தன.

அத்தை அந்தக் கைகளில் ஒரு ஜோடி. 1973இல், 18 வயதில் சேர்ந்தார். அப்போது குடும்பம் ரோவெல் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஒற்றை அறையில் இருந்தது. சிராங்கூன் ரோட்டில் நின்றால் ஆலை பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். மூன்று ஷிப்டு. வேலை, உருப்பெருக்கியில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்துத் திட்டிலிருந்து வெளிக்காலுக்கு இழுத்து ஒட்டுவது. கம்பியின் தடிமன் 25 மைக்ரான். முடி சாதாரணமாக அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஒரு முனையில் தங்கம் உருகிப் பந்துபோல நிற்கும், மறுமுனையைத் தட்டி அமுக்க வேண்டும். எத்தனை காலோ அத்தனை கம்பி. பிறகு அடுத்த சில்லு.

தாத்தா அக்கம்பக்கத்தில் "மக ஆபீசுல இருக்கா" என்று சொல்லியிருக்கிறார். ஆலைப் பெண்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது, 'மினா காரான்'. மலாயில் காரான் என்றால் மின்சாரம், நம் 'கரண்ட்'தான். மலேசியாவில் பரவலாக இருந்த கேலி. அத்தை அதை இங்கே பஸ் நிறுத்தத்திலேயே கேட்டிருக்கிறார். இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன நினைக்குமோ அத்தனையும் அந்த இரண்டு சொல்லில் அடங்கும். அதே காலத்தில் மலேசிய அரசின் முதலீட்டு விளம்பரக் கையேடு கீழ்த்திசைப் பெண்களின் கைத்திறனைப் புகழ்ந்து முதலாளிகளைக் கூப்பிட்டது. அந்தப் புகழ்ச்சியை நான் கேலியைவிட மோசமானதாக நினைக்கிறேன். பயிற்சியால் வந்ததைப் பிறவியில் வந்தது என்று சொல்லிவிட்டால் அதற்குக் கூலி கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

1974-75 மந்தத்தில் இங்கே மின்னணு ஆலைகள் ஆள்களை வெளியே அனுப்பின. அத்தையும் வீட்டுக்கு வந்தார், சில மாதங்கள் கழித்துக் கூப்பிட்டார்கள், மறுபடி போனார். என்-வழி 8080 வந்ததும் அதே நேரம்தான். தான் கட்டும் கம்பிக்கு அடியில் இருப்பது எந்த வழி, எந்த வகை, வானொலிக்கா ஏவுகணைக்கா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சேரும்போது கண் பரிசோதனை இருந்தது. கண்ணாடி போட்டவர்களை எடுக்க மாட்டார்கள். நான்கே வருடத்தில் அத்தைக்குக் கண்ணாடி வந்தது. கண்ணாடி வந்தவர்களை அந்த ஆலை பேக்கிங்குக்கு மாற்றிவிடும், அங்கே சம்பளம் குறைவு. "கண்ண எடுத்துக்கிட்டு காசையும் எடுத்துக்கிட்டாங்க" என்று அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சம்பளத்தில் அப்பா பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனார்.

அத்தை என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "நான் கட்டினதுக்குள்ள என்னதான் இருந்துச்சு?"

வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. குட்டை, மேடு, லோங்காங் எல்லாம் ஆயிற்று. காட்டினால்தான் ஆகும் என்று தோன்றியபோது சிம் லிம் டவருக்குப் போனேன். லிட்டில் இந்தியாவின் விளிம்பில், ஜாலான் புசாரில் இருக்கும் கட்டடம். கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. இங்கே உதிரிப்பாகங்கள். முன்பு பக்கத்திலேயே சுங்கை ரோடு சந்தை இருந்தது, பழைய வானொலிகளைத் தரையில் பரப்பி விற்பார்கள். 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். டவரில் இன்னும் சில கடைகளில் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பென்சிலில் எழுதிய எண். மாணவர்கள் மோட்டார் ஓட்ட என்-வழி டிரான்சிஸ்டர் கேட்டு வருவார்கள். ஐஆர்எஃப்இசட்44என் வேண்டும் என்பார்கள். கடைக்கார அங்கிள் "எத்தனை வோல்ட்டில் ஓட்டப்போகிறாய்?" என்று கேட்பார். ஐந்து என்றால் தலையாட்டிவிட்டு எல் எழுத்து உள்ள இன்னொன்றை எடுத்துக் கொடுப்பார். முதலாவதின் வாயில் முழுதாகத் திறக்கப் பத்து வோல்ட் வேண்டும். ஐந்தில் பாதிதான் திறக்கும், மோட்டார் திணறும், டிரான்சிஸ்டர் கொதிக்கும். வாசற்படியின் உயரம் பற்றி நான்கு வருடம் படித்தவர்களுக்குக் கடையில் ஒரு வரியில் பாடம். கறுப்புப் பஞ்சில் குத்தித்தான் கொடுப்பார். வாயிலின் கண்ணாடி இருபது வோல்ட்டுக்கு மேல் தாங்குமென்று உத்தரவாதம் கிடையாது, கம்பளத்தில் நடந்துவந்த விரலிலோ ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். உப்பு மட்டுமில்லை, தொடுவதே ஆபத்து.

நான் வாங்கியது வேறு. பழைய சரக்கில் 2716 இருக்கிறதா என்று கேட்டேன். 1970களின் பிற்பகுதியில் வந்த நினைவகச் சில்லு, 24 கால்கள், முதுகில் ஒரு குவார்ட்ஸ் சன்னல். புற ஊதா ஒளியை அந்தச் சன்னல் வழியே காட்டினால் எழுதியது அழிந்துவிடும். இந்த வகை நினைவகத்தை 1971இல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்தார். முதலில் வந்ததுகூடப் பி-வழிதான், 2716 என்-வழி. ஒவ்வொரு டிரான்சிஸ்டரிலும் கண்ணாடிக்குள் புதைந்த இன்னொரு வாயில் இருக்கும், எதனோடும் இணைக்கப்படாத அநாதை வாயில். அதில் எலக்ட்ரான்களை ஏற்றிவிட்டால் வாசற்படி உயர்ந்துவிடும். திறக்காத கதவு ஒரு செய்தி, திறக்கும் கதவு இன்னொரு செய்தி. சோடியம் செய்த அதே குறும்பை எதிர்ப்பக்கமாக, வேண்டுமென்றே செய்வது. 2048 பைட் கொள்ளும். தமிழ் யூனிகோடில் ஒரு குறிக்கு மூன்று பைட் போகும். இந்தக் கட்டுரையின் ஒரு பத்தியை எழுதினால் இடம் தீர்ந்துவிடும்.

எனக்கு வேண்டியிருந்தது சன்னல். மற்றச் சில்லுகளை உடைக்காமல் உள்ளே பார்க்க முடியாது.

சன்னல்மேல் இருந்த காகிதத்தை உரித்து, என் யுஎஸ்பி உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து, மடிக்கணினியில் காட்டினேன். அத்தைக்குப் போன வருடம் கண்புரை எடுத்தார்கள். இப்போது பார்வை தெளிவு. நான் நினைவகக் கட்டங்களைச் சுட்டினேன். வரிசை வரிசையாக, நெசவுபோல. "இதுல 16,384 டிரான்சிஸ்டர் அத்தை, ஒவ்வொண்ணும் நான் சொன்னேனே அந்தக் கதவு." அவர் அங்கே பார்க்கவே இல்லை. ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தங்கம் இல்ல."

அலுமினியம். பீங்கான் கூட்டை ஒட்டும் சூட்டுக்குத் தங்கம் சரிப்படாது என்று நான் பிறகு யோசித்துத்தான் சொன்னேன். அதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். "பந்து இல்ல பாரு, ரெண்டு பக்கமும் அமுக்கித்தான் வச்சிருக்கு. நாங்க போடறது இப்படி நிக்காது. தங்கமும் அலுமினியமும் சேர்ற எடத்துல சூடு கூடிப்போனா கத்திரிப்பூ கலர் வரும். வந்தா ரிஜெக்ட்." அந்த ஊதாவுக்கு எங்கள் துறையில் கொள்ளைநோய் என்று பெயர், தங்கமும் அலுமினியமும் கலந்த ஒரு சேர்மம். தேர்வுக்காக அதன் வாய்பாட்டை மனப்பாடம் செய்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை.

திரையில் விரலை வைத்தார். "இந்த வயர கொஞ்சம் நகர்த்து. ஆங். இது தொய்ஞ்சிருக்கு. பக்கத்து வயர்ல படல, பாஸ் பண்ணிருப்பாங்க. ஆனா ஷிப்டு முடியுற நேரத்துல போட்டது." எப்படித் தெரியும் என்றேன். "மத்ததெல்லாம் ஒரே ஒசரம். கடைசி மூணு மட்டும் எறங்கிருச்சு. கழுத்து வலிச்சா இப்படித்தான் வரும்."

அது உண்மையா என்று சரிபார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் அந்த மூன்று கம்பிகள் உண்மையிலேயே தாழ்ந்திருந்தன. அவர் சொல்லும்வரை எனக்கு இருபத்து நான்கும் ஒன்றாகத்தான் தெரிந்தன. கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் மதிப்பீட்டில், 1960 முதல் 2018 வரை உலகம் செய்த டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை 13க்குப் பின் 21 சுழியங்கள். மனிதர் செய்த பொருள்களில் அதிகம் செய்யப்பட்டது இதுதான். அந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். வெளியுலகத்தோடு அவற்றை இணைத்த கம்பிகளில் முதல் கோடிகளை எத்தனை பேர் உட்கார்ந்து கட்டினார்கள் என்பதற்கு அப்படி ஒரு எண்ணை நான் எங்கும் படித்ததில்லை.

"தங்கம் போட்டது ஒண்ணு இருந்தா காட்டு" என்றார் அத்தை. "நம்ம கட்டினது மாதிரி."

தங்கக் கம்பி உள்ளவை கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் இருக்கின்றன, அவற்றுக்குச் சன்னல் கிடையாது என்றேன். புகையும் நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பிளாஸ்டிக் கரையும், தங்கம் கரையாது. ஆய்வுக்கூடத்தில் புகைபோக்கிக்குக் கீழேதான் செய்ய முடியும். யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

"ஆசிட்டா? வேண்டாம் பாப்பா, கையச் சுட்டுக்கப் போற" என்று சொல்லிவிட்டு, உரித்துப் போட்டிருந்த காகிதத்தை எடுத்துச் சன்னல்மேல் திரும்ப ஒட்டினார். பசை காய்ந்திருந்தது. இரண்டு முறை விரலால் தேய்த்தும் ஒரு மூலை தூக்கிக்கொண்டே இருந்தது.